நிறுவனப் பெயர் கடைசியில்: கிட்டார் கேபினெட் ஐ.ஆர். கோப்புகளை ஒப்பிடும் முறை

பட்டாசுச் சத்தத்துக்கு நம் நாட்டில் சட்ட வரம்பு உண்டு. 1999 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்க்கப்பட்ட அந்த வரம்பைச் சிவகாசி வட்டாரத் தொழில்காரர்கள் நன்கு அறிவார்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் (ஏஐ) அல்லது 145 டெசிபல் (சி) உச்ச அளவைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. அந்த எண்களோடு சில நிபந்தனைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான கான்கிரீட் தளத்தில் வைத்து வெடிக்க வேண்டும். வெடிக்கும் புள்ளியைச் சுற்றி 15 மீட்டர் வரை ஒலியைத் திருப்பி அனுப்பும் சுவரோ தடுப்போ இருக்கக் கூடாது. சரமாகக் கோத்த வெடியானால், அதிலுள்ள வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து, அதை 5-ஆல் பெருக்கி வரும் அளவுக்கு வரம்பு குறையும். அதன்படி 100 வெடிச் சரத்துக்கு 10 டெசிபலும் 1000 வெடிச் சரத்துக்கு 15 டெசிபலும் குறைகின்றன. இந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டால் 125 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. சுவரோரம் வைத்தால் அதே வெடி கூடுதலாகக் காட்டும். ஏஐ, சி என்பவை மீட்டரின் இரண்டு அமைப்புகள்: ஏஐ காது கேட்கும் விதத்துக்கு நெருக்கமானது, சி உச்சத்தைப் பிடிப்பது. மீட்டரின் அமைப்பை மாற்றினால் அதே வெடிக்கு வேறு எண் வரும். வரம்பையே 125 என்றும் 145 என்றும் இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது அதனால்தான். இரண்டு தொழிற்சாலைகளின் வெடிகளை நியாயமாக ஒப்பிட வேண்டுமானால், எங்கே, எப்படி, எதைக் கொண்டு அளந்தோம் என்பது முதலில் தீர்மானமாக வேண்டும்.

கிட்டார் கேபினெட்டின், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின், ஒலிக்குணத்தைப் பதிந்து வைத்திருக்கும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்புகளை, சுருக்கமாக ஐ.ஆர். கோப்புகளை, ஒப்பிடும்போது பெரும்பாலோர் இந்த ஒழுங்கைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் கோப்பைப் போட்டுக் கேட்கிறோம், அடுத்த நிறுவனத்தின் கோப்பைப் போட்டுக் கேட்கிறோம், 'இது உயிரோட்டமாக இருக்கிறது, அது மந்தமாக இருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, மைக் வைத்த இடத்தின் பங்கு எவ்வளவு, ஒலி அளவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றுதான்: ஐ.ஆர். ஒப்பீட்டில் நிறுவனத்தின் பெயர் கடைசியாகக் கணக்கில் வர வேண்டிய காரணி. அதற்கு முன் நிற்கும் காரணிகளை ஒவ்வொன்றாகச் சமன் செய்தால், எந்தக் கோப்புக்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

வெடிக்கும் ஐ.ஆருக்கும் நேரடி உறவே உண்டு. மிகக் குறுகிய நேரத்தில் எழுந்து அடங்கும் ஒலியில் ஏறக்குறைய எல்லா அதிர்வெண்களும் ஒன்றாக இருக்கும். அப்படிப்பட்ட ஒலியை ஒரு மண்டபத்தில் எழுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்தால், அந்த மண்டபம் ஒலியை எப்படி மாற்றுகிறது என்பது முழுவதும் அந்தப் பதிவில் அடங்கிவிடும். இதற்காகத்தான் ஒலியியலாளர்கள் வெற்றுத் தோட்டா, பலூன், வெடி எல்லாவற்றையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரே சரத்தில் உள்ள இரண்டு வெடிகள்கூட ஒன்று போல் வெடிப்பதில்லை. மருந்தின் அளவும் சுற்றின் இறுக்கமும் சற்று மாறினாலே ஒலி மாறிவிடும். இந்தக் குறையைப் போக்க, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை சீராக ஏறிச் செல்லும் ஒரு மின் ஒலியை ஸ்பீக்கரில் விட்டு, பதிவானதைக் கணக்கிட்டுச் சுருக்கி இம்பல்ஸாக மாற்றும் முறை வந்தது. இத்தாலிய ஒலியியலாளர் ஆஞ்சலோ ஃபரீனா 2000-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அது பரவலாயிற்று. இன்று விற்பனைக்கு வரும் கேபினெட் ஐ.ஆர்.களில் பெரும்பகுதி இப்படித்தான் உருவாகிறது.

அப்படி உருவாகும் கோப்பில் ஸ்பீக்கர் மட்டும் இருப்பதில்லை. ஸ்பீக்கரை ஓட்டிய பவர் ஆம்ப், ஸ்பீக்கர் பொருந்திய பெட்டி, அதன் எதிரே நின்ற மைக், மைக்குக்கும் கூம்புக்கும் இடையிலான தூரம், மைக் பார்த்த புள்ளி, மைக் பிரீஆம்ப், சுற்றியிருந்த அறை, கடைசியாகக் கோப்பை வெட்டிச் சீராக்கியவரின் முடிவு என எல்லாம் சேர்ந்து ஒரே வளைகோடாக அதில் படிந்திருக்கின்றன. கோப்பின் பெயரில் ஸ்பீக்கர் பெயரும் மைக் பெயரும் மட்டும் இருக்கும், மற்றவை தெரியாது. செலஸ்தியன் வின்டேஜ் 30 என்ற ஒரே பெயரில் வரும் ஸ்பீக்கரிலேயே வேறுபாடுகள் உண்டு. கேபினெட் நிறுவனங்களுக்காகத் தனியாகச் செய்தவை உண்டு. 8 ஓம், 16 ஓம் என்ற வேறுபாடு உண்டு. பல வருடம் அடித்து இளகியதும் பெட்டியிலிருந்து அன்றைக்கு எடுத்ததும் ஒன்று போல் ஒலிக்காது. ஆகவே இரண்டு நிறுவனங்களின் 'வின்டேஜ் 30' கோப்புகள் வெவ்வேறாகக் கேட்டால், அதில் வியக்க ஒன்றுமில்லை. நாம் கேட்பது இரண்டு வெவ்வேறு பொருள்களை.

முதலில் ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிடுங்கள்

இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும் முன், ஒரே நிறுவனத்தின் தொகுப்புக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் இந்த அத்தியாயத்தின் முக்கியமான பயிற்சி. ஒரே கேபினெட், ஒரே ஸ்பீக்கர், ஒரே மைக். மைக் இருக்கும் இடம் மட்டும் மாறும் மூன்று கோப்புகளை எடுங்கள். ஒன்று ஸ்பீக்கரின் நடுவிலுள்ள மூடிக்கு நேராக, மற்றொன்று மூடியும் கூம்பும் சேரும் விளிம்பில், மூன்றாவது கூம்பின் நடுப்பகுதியில். பெரும்பாலான தொகுப்புகளில் இந்த மூன்றும் இருக்கும். மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டால், மூடிக்கு நேரான கோப்பு கூர்மையாகவும் பளிச்சென்றும் இருக்கும். கூம்பை நோக்கி நகர நகர உச்சம் மழுங்கி, நடுத்தர அதிர்வெண்கள் கெட்டிப்படும். காரணம் ஸ்பீக்கரின் அமைப்பிலேயே இருக்கிறது. தாழ்ந்த சுருதியில் 12 அங்குலக் கூம்பு முழுவதும் ஒரே துண்டாக முன்னும் பின்னும் அசைகிறது. 2000, 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அது பகுதி பகுதியாகப் பிரிந்து அதிர்கிறது, நடு ஒரு விதமாகவும் ஓரம் ஒரு விதமாகவும். மைக்கைக் கிட்டத்தில் வைக்கும்போது அது அந்தப் பகுதிகளில் ஒன்றைத்தான் அதிகமாகக் கேட்கிறது. அதனால்தான் ஒரு அங்குல நகர்வுக்கே தொனி மாறிவிடுகிறது.

மைக்கின் பங்கும் சிறிதல்ல. 1965-லிருந்து விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்.எம். 57 மைக்குக்கு 5000, 6000 ஹெர்ட்ஸ் பக்கம் இயல்பாகவே ஒரு மேடு உண்டு. கிட்டார் தொனிக்கு அந்த மேடு முன்னால் தள்ளும் குணத்தைத் தருகிறது. ராயர் ஆர்-121 போன்ற ரிப்பன் மைக்கில் உச்சம் மென்மையாகக் கீழிறங்கும். இவ்வகை மைக்குகளைக் கிட்டே கொண்டுபோகப் போகத் தாழ்ந்த சுருதிகள் பெருகும். ஆகவே ஒரு நிறுவனத்தின் எஸ்.எம். 57 கோப்பையும் இன்னொரு நிறுவனத்தின் ரிப்பன் கோப்பையும் கேட்டுவிட்டு 'இரண்டாவது நிறுவனம் இதமாகச் செய்கிறது' என்று சொன்னால், பாராட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேருகிறது, உழைத்தது மைக்.

இந்தப் பயிற்சி முடிந்ததும் அடுத்த அடி. அதே பெயருள்ள ஸ்பீக்கர், அதே மைக், அதே மூன்று இடங்கள் என்று மூன்று நிறுவனங்களிலிருந்தும் எடுத்தால் 9 கோப்புகள் சேரும். இப்போது கேட்க வேண்டிய கேள்வி: ஒரு நிறுவனத்தின் மூன்று கோப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி பெரிதா, நிறுவனங்களுக்கு இடையே உள்ள இடைவெளி பெரிதா? ஒரு நிறுவனத்தின் மூடிக் கோப்பு இன்னொரு நிறுவனத்தின் விளிம்புக் கோப்போடு நன்றாகவே ஒத்துப்போவதைப் பலமுறை காண்பீர்கள். 'மூடி விளிம்பு' என்பதை ஒவ்வொரு நிறுவனமும் சற்று வேறு புள்ளியில் வைப்பதால், பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் இடங்கள் ஒன்றல்ல. நிறுவனத்தின் தனித்தன்மை என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி அரை அங்குல மைக் நகர்வாகக் கரைந்துவிடும். கரையாமல் எஞ்சுவதே நிறுவனத்தின் உண்மையான பங்களிப்பு.

உள்ளே போகும் ஒலியும் வெளியே வரும் அளவும்

கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டே கோப்புகளை மாற்றி வாசித்துப் பார்ப்பது ஒப்பீடாகாது. தொனி மாறியதும் விரல் தானாகவே அதற்கேற்ப மாறிவிடும். பளிச்சென்ற கோப்பில் மென்மையாக மீட்டுவோம், மந்தமான கோப்பில் அழுத்தி மீட்டுவோம். ஒரே மாவை வெவ்வேறு கல்லில் ஊற்றினால்தான் கல்லின் குணம் தெரியும். அதனால் கிட்டாரை நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகி ஒரு முறை பதிவு செய்துகொண்டு, அந்த ஒரே பதிவை எல்லாக் கோப்புகள் வழியாகவும் ஓட்டுங்கள். அதில் மூன்று பகுதிகள் இருக்கட்டும்: சுத்தமான தொனியில் தனித்தனிச் சுரங்கள், நடுத்தர டிஸ்டார்ஷனில் கார்டுகள், நீண்டு நிற்கும் லீட் வரி. டிஸ்டார்ஷன் கேபினெட்டுக்கு முன்னால் வருவதால் உயர் அதிர்வெண்கள் அடர்த்தியாக உள்ளே போகின்றன. ஐ.ஆர்.களின் வேறுபாடு அங்கேதான் பெரிதாகத் தெரியும். சுத்தமான தொனியில் மட்டும் கேட்டு முடிவெடுத்தவர்கள் டிஸ்டார்ஷனைத் திறந்ததும் திகைப்பது இதனால்தான். பிரசன்னா போன்றவர்கள் மின் கிட்டாரில் கர்நாடக இசையை நிலைநிறுத்தியிருக்கிறார்கள். அந்த வழியில் வாசிப்பவர்கள் நான்காவதாக ஒரு பகுதியையும் சேர்க்க வேண்டும்: ஒரே தந்தியில் வழுக்கியும் இழுத்தும் செல்லும் கமகம். ஐ.ஆரின் வளைகோட்டில் குறுகலான மேடு இருந்தால், சுரம் அதைக் கடக்கும் நொடியில் திடீரென்று துருத்திக்கொண்டு கேட்கும். நிலையான கார்டில் இது பிடிபடாது.

அடுத்தது ஒலி அளவு. இரண்டு ஒலிகளில் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தால், அதைச் 'சத்தமாக இருக்கிறது' என்று காது சொல்லாது, 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லும். ஒரு டெசிபல் வேறுபாடே இதற்குப் போதும். ஐ.ஆர். கோப்புகளை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு விதமாக அளவுபடுத்துகிறது. உச்சப் புள்ளியை வைத்துச் சமன் செய்வோரும் உண்டு, கேட்கும் அளவை வைத்துச் சமன் செய்வோரும் உண்டு. வெடிக்கு உச்ச அளவும் கேட்கும் அளவும் வெவ்வேறு எண்களாக நின்றது போலவே இங்கும் நிற்கும். உச்சம் சமமாக உள்ள இரண்டு கோப்புகள் காதுக்குச் சில டெசிபல் வேறுபடலாம். ஆகவே கோப்பின் உச்சத்தைப் பார்க்காமல், கோப்பு வழியாக வந்த கிட்டார் பதிவின் அளவை லவுட்னஸ் மீட்டரில் பார்த்து, அரை டெசிபலுக்குள் சமன் செய்யுங்கள். 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவீட்டு முறைதான் இன்றைய எல்.யு.எஃப்.எஸ். மீட்டர்களுக்கு அடிப்படை. இலவச மீட்டர்களே இந்த வேலைக்குப் போதும். மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியாகச் சமன் செய்வது நல்லது. ஏனென்றால் டிஸ்டார்ஷனில் சமமாக நிற்கும் இரண்டு கோப்புகள் சுத்தமான தொனியில் விலகி நிற்கலாம்.

நீளம், மாதிரி வீதம், நேரம்

கோப்பைக் கருவியில் ஏற்றும்போது நடப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கணினி பிளகின் அரை விநாடி நீளக் கோப்பையும் முழுதாக எடுத்துக்கொள்ளும். பல பெடல்களும் மல்டி எஃபெக்ட் கருவிகளும் 1024 அல்லது 2048 மாதிரிகளோடு (சாம்பிள்) வெட்டிவிடும். 48 கிலோ ஹெர்ட்ஸ் வீதத்தில் 1024 மாதிரிகள் சுமார் 21 மில்லி விநாடி, 2048 என்றால் சுமார் 43 மில்லி விநாடி. நீளம் குறையக் குறையத் தாழ்ந்த சுருதிகளின் விவரம் மங்கும். 20 மில்லி விநாடிக் கோப்பால் 50 ஹெர்ட்ஸுக்குக் குறைவான நுணுக்கங்களைப் பிரித்துக் காட்ட முடியாது. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் நிற்கும்போது, அதன் அடியிலுள்ள கேபினெட் அதிர்வின் வடிவம் இதனால் கொஞ்சம் மாறும். ஆகவே ஒரு கோப்பைப் பிளகினிலும் இன்னொன்றைப் பெடலிலும் கேட்டு ஒப்பிடாதீர்கள். நீங்கள் மேடையில் பயன்படுத்தப் போகும் கருவியிலேயே எல்லாவற்றையும் ஏற்றிக் கேளுங்கள்.

மாதிரி வீதமும் அப்படியே. 44.1 கிலோ ஹெர்ட்ஸில் செய்த கோப்பை, மாற்றிக் கணக்கிடாமல் 48 கிலோ ஹெர்ட்ஸில் ஓட்டினால் வளைகோடு முழுவதும் சுமார் 9 விழுக்காடு மேலே நகரும். 3000 ஹெர்ட்ஸில் இருந்த மேடு 3265 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். நல்ல கருவி தானாகவே மாற்றிக்கொள்ளும், சில மாற்றாது. கருவியின் கையேட்டில் இதைப் பார்த்து உறுதி செய்துவிட்டு, அந்த வீதத்துக்கான கோப்பையே எல்லா நிறுவனங்களிலிருந்தும் எடுங்கள்.

இரண்டு நிறுவனங்களின் கோப்புகளைக் கலந்து பயன்படுத்த நினைப்பவர்களுக்கு நேரம் முக்கியம். நம் பக்கத்து 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. ஒரு மைக் மற்றதைவிட இரண்டரை செண்டிமீட்டர் பின்னால் இருந்திருந்தால், இரண்டையும் சம அளவில் கலக்கும்போது 7000 ஹெர்ட்ஸில் ஒலி அறுபடும். கிட்டாருக்கு அது பெரிய இழப்பில்லை. ஒரு கோப்பின் தொடக்கத்தில் அரை மில்லி விநாடி வெற்றிடம் விடப்பட்டிருந்தால் அறுபடுவது 1000 ஹெர்ட்ஸ், கிட்டாரின் நெஞ்சுப் பகுதி. கலவை குழிவாகவும் பொருந்தாததாகவும் கேட்டால், கோப்புகளின் தரத்தைக் குறை சொல்லும் முன் இரண்டின் தொடக்கத்தையும் ஒரே சாம்பிள் புள்ளிக்கு இழுத்து வைத்துக் கேளுங்கள்.

அறையும் காதும்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் சிமென்ட் ஆலையால் அறியப்பட்ட ஊர். அங்கும் சுற்றுப்புறத்திலும் உள்ள கான்கிரீட் வீடுகளில் பயிற்சி அறை என்றால் பெரும்பாலும் பூசிய சுவர்கள், சிமென்ட் அல்லது டைல்ஸ் தரை, தட்டையான கூரை கொண்ட பத்தடி அறை. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு கெட்டிச் சுவர்கள் 57 ஹெர்ட்ஸ் அருகிலும் அதன் மடங்குகளிலும் ஒலியைத் தேக்கிவைக்கும். இரண்டாம் மடங்கான 114 ஹெர்ட்ஸ் கிட்டாரின் தாழ்ந்த சுருதிகள் உலவும் இடம். அந்த அறையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால், நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒரே கோப்பு கனமாகவும் மெலிந்தும் கேட்கும். வெடியைச் சோதிக்க 15 மீட்டர் திறந்தவெளி கேட்ட விதி சொல்வதும் இதைத்தான். நம்மிடம் அந்த வெளி இல்லை, ஆனால் ஹெட்போன் இருக்கிறது. ஒப்பீட்டின் முதல் சுற்றை ஒரே ஹெட்போனில், ஒரே ஒலி அளவில் முடித்துவிடுங்கள். மெதுவாகக் கேட்கும்போது காது தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தே கேட்கிறது என்று ஆய்வாளர்கள் ஃபிளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். இரவில் மெல்ல வைத்துத் தேர்ந்தெடுத்த கனமான கோப்பு மேடையில் இரைச்சலாக மாறுவது இதன் விளைவு.

காதின் நிலையையும் பாருங்கள். பலத்த வெடிச் சத்தம் கேட்டபின் சில மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறையும். அந்தக் குறைவு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகில்தான் முதலில் தெரியும். கேபினெட் கோப்புகள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடுவது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான அதே பகுதியில்தான். தீபாவளிக் காலத்திலோ, வெடிச் சோதனை நடக்கும் இடத்துக்குப் போய்வந்த நாளிலோ ஒப்பீட்டைத் தள்ளிப்போடுங்கள். அன்றைக்குக் கூர்மையான கோப்பு சரியானதாகத் தோன்றும், காது தெளிந்த பின் அதுவே குத்தும்.

கடைசிக் காவல் பெயரை மறைப்பது. கோப்புகளுக்கு 1, 2, 3 என்று வேறொருவரைப் பெயர் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு கோப்புகளை உண்மையிலேயே பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்க, ஏதோ ஒன்றை அவர் ஒலிக்கவிட்டு எது என்று கேட்கட்டும், 10 முறை. வெறும் ஊகத்திலேயே 8 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று அதிகம். 9 அல்லது 10 சரியாகச் சொல்ல நூற்றுக்கு ஒன்றுதான். 9 சரியென்றால் உங்கள் காது உண்மையாகவே வேறுபாட்டைக் கேட்கிறது. 6 அல்லது 7 என்றால், அந்த இரண்டில் மலிவானதை எடுத்துக்கொள்வதில் இழப்பு இல்லை.

மறுப்புகளும் பதில்களும்

'இசைக்குக் காது போதும், மீட்டரும் கணக்கும் எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. முடிவெடுக்க வேண்டியது காதுதான், அதில் ஐயமில்லை. மீட்டர் செய்வது காதுக்கு முன் நிற்கும் தடைகளை அகற்றும் வேலை. சத்த வேறுபாட்டையும் பெயரையும் அறையையும் விலக்கிய பிறகு காது சொல்லும் தீர்ப்பு நாளைக்கும் மாறாது. விலக்காமல் சொன்ன தீர்ப்பு ஒரு வாரம்கூடத் தாங்காமல், மறுபடியும் புதிய தொகுப்பைத் தேட வைக்கும்.

'அனுபவமுள்ள நிறுவனத்தின் உழைப்பை இது சிறுமைப்படுத்துகிறது' என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. நல்ல கேபினெட்டைத் தேடிப் பிடிப்பது, நான்கு ஸ்பீக்கர்களில் நன்றாக ஒலிக்கும் ஒன்றைத் தெரிந்தெடுப்பது, மைக்கை நகர்த்தி நகர்த்திச் சரியான புள்ளியில் நிறுத்துவது எல்லாம் திறமையான வேலைகள். அவற்றுக்குக் கொடுக்கும் காசு நியாயமானது. ஆனால் அந்தத் திறமை தொகுப்பு முழுவதும் சமமாகப் பரவியிருக்காது. சில கோப்புகளில் குவிந்திருக்கும். நிபந்தனைகளைச் சமன் செய்த ஒப்பீடு அந்தச் சில கோப்புகளை அடையாளம் காட்டும். திறமைக்கு நாம் தரும் உண்மையான மரியாதை அதுவே. பெயரை மட்டும் நம்பி வாங்குபவர் நூறு கோப்புகளை வாங்கிவிட்டு, அவற்றில் சிறந்த இரண்டை ஒருநாளும் திறந்து பார்க்காமல் போகலாம்.

'ஐ.ஆர். என்பதே ஒரு ஈக்யூதானே, எந்தக் கோப்பையும் ஈக்யூ போட்டு வேறொன்றாக மாற்றலாமே' என்பது மூன்றாவது வாதம். இதில் பாதி உண்மை. கிட்டே மைக் வைத்து எடுத்த குறுகிய ஐ.ஆர். பெரும்பாலும் ஒரு வளைகோடுதான். இரண்டு கோப்புகளுக்கு இடையே தாழ்வு கூடுதல், உச்சம் குறைவு என்பது போன்ற பரந்த சாய்வை இரண்டு ஈக்யூ குமிழ்களால் சரிசெய்துவிடலாம். ஒப்பிடும்போது அப்படிச் சாய்வைச் சமன் செய்து ஒருமுறை கேட்கவும் வேண்டும். பல 'பெரிய வேறுபாடுகள்' அந்த நொடியில் மறைந்துவிடும். ஆனால் கூம்பு பகுதி பகுதியாக அதிர்வதால் வரும் நுண்ணிய மேடு பள்ளங்களை இரண்டு குமிழ்களால் உருவாக்க முடியாது. சாய்வைச் சமன் செய்த பிறகும் ஒரு கோப்பு உங்களை ஈர்த்தால், அதன் மதிப்பு அந்த நுணுக்கத்தில் இருக்கிறது. வாங்கத் தகுந்தது அதுதான்.

'உண்மையான ஸ்பீக்கர் சத்தம் ஏற ஏற இறுகும், திரியும். ஐ.ஆரில் அது இல்லை, எனவே எல்லா ஐ.ஆரும் போலிதான்' என்பாரும் உண்டு. ஐ.ஆர். ஒரு குறிப்பிட்ட நிலையின் பதிவு என்பது சரி. ஸ்பீக்கர் தன் எல்லைக்கு அடிக்கப்படும்போது நடப்பதை அது காட்டாது. ஆனால் கிட்டார் ஸ்பீக்கரின் அடையாளமே முதன்மையாக அதன் வளைகோட்டில் இருக்கிறது. வின்டேஜ் 30-க்குத் தயாரிப்பாளர் தரும் வீச்சு 70 முதல் 5000 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் ஒலி செங்குத்தாகச் சரிவதால்தான் டிஸ்டார்ஷனின் ஈ மொய்ப்பது போன்ற இரைச்சல் அடங்கி, காது தாங்கும் தொனியாகிறது. அந்த வேலையை ஐ.ஆர். முழுமையாகச் செய்கிறது. எஞ்சியிருப்பது எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான குறை. ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க அது காரணமாகாது.

தேர்வை முடிப்பது

ஹெட்போன் சுற்றில் இரண்டு அல்லது மூன்று கோப்புகள் தேறியிருக்கும். அவற்றைத் தனியாகக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவரானால் குரலும் கீபோர்டும் சேர்ந்த பதிவோடு, மெல்லிசைக் குழுவில் வாசிப்பவரானால் தபேலா, டிரம்ஸ், பாஸ் எல்லாம் சேர்ந்த பதிவோடு ஓட்டிப் பாருங்கள். தனியாகக் கேட்கையில் நிறைவாகத் தோன்றிய தாழ்ந்த சுருதி பாஸ் கிட்டாரோடு மோதும். பளிச்சென்று கவர்ந்த 3000 ஹெர்ட்ஸ் மேடு பாடுபவரின் சொற்களை மறைக்கும். சற்று மெலிந்ததாகத் தோன்றிய கோப்பு கூட்டத்தில் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊர்த் திருவிழா மேடையில் சவுண்ட் சர்வீஸ்காரரின் பெட்டி வழியாகத்தான் மக்கள் கேட்கப்போகிறார்கள் என்றால், முடிந்தால் அந்தப் பெட்டியிலேயே ஒருமுறை கேளுங்கள். குழாய் ஒலிபெருக்கி கலந்த அமைப்பில் உச்சம் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும். அங்கே கூம்புப் பகுதிக் கோப்பே பொருந்தும். மிக்சருக்கு நேராக லைன் கொடுக்கும்போது மட்டுமே ஐ.ஆர். இயங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஸ்பீக்கரோடு கூடிய கிட்டார் ஆம்பில் செருகினால் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒலி இரண்டு கேபினெட்டுகளைக் கடந்து புதைந்து வரும்.

முடிவெடுத்ததும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்தப் பதிவை உள்ளே விட்டீர்கள், எந்த ஆம்ப் அமைப்பு, எந்த மைக், எந்த இடம், கருவி எடுத்துக்கொண்ட நீளம், மாதிரி வீதம், சமன் செய்த அளவு, கேட்ட ஹெட்போன், பெயர் மறைத்த சோதனையின் முடிவு. நிறுவனப் பெயரைத் தாளின் கடைசி வரியில் எழுதுங்கள். இப்படி எழுதப்பட்ட ஒப்பீட்டை ஆலங்குளத்தில் ஒருவர் செய்தால், கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள இன்னொருவர் அதே நிபந்தனைகளில் செய்து பார்த்து ஒப்பவும் மறுக்கவும் முடியும். கிட்டார் தொனியைப் பற்றித் தமிழில் நடக்கும் பேச்சு, பெயர்களைப் போற்றுவதிலிருந்து சரிபார்க்கக்கூடிய அறிவாக வளர இதுவே வழி. தங்கள் உழைப்பில் சேர்த்த பணத்தைக் கொண்டு இசைக்கருவி வாங்கும் இளைஞர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் இதுவே.